அக்கா எடுத்த இருட்டு

மார்ச் 4, செவ்வாய்

ஸ்டுடியோவில் நாள் முழுக்க ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தில், கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தோடு மல்லுக்கட்டு. அழித்து அழித்து, கடைசியில் அவள் பிறந்ததிலிருந்து கவலையே படாதவள் மாதிரி ஆகிவிட்டாள்.

மாலை அக்கா வந்து கேமரா கார்டைக் கொடுத்தாள். கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்ப வேண்டுமாம். ஏரிக்கரை, நாணல், பொழுது சாய்ந்த பிறகு எடுத்தது. திரையில் ஏறக்குறைய கறுப்பு. நாணலுக்குள் ஒரு நாரை நிற்பது அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"நான் பார்த்த மாதிரியே வரணும்டி. அது போதும்."

கூட வந்த அக்கா வீட்டுக்காரர், மாமா, "இருட்டைப் பிடிக்க இவ்ளோ பெரிய கேமராவா? கரண்ட் போனா நம்ம வீட்லயே கிடைக்குமே" என்றார். நானும் அவரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் எடுத்த படம் அது. ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய், வெறுங்கையோடு வந்தாளே, அந்த வாரம். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நானும்தான்.

மார்ச் 8, சனி

அக்கா படத்தில் நிழலைக் கொஞ்சம் தூக்கி வெளிச்சமாக்கினேன். சும்மா பார்க்கத்தான். நாரை வெளியே வந்தது — கழுத்து வளைவு, இறகு, எல்லாம். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் வைத்தேன். வானத்துக்குக் கொஞ்சம் செம்மை. அப்பா, என்ன அழகு! கறுப்பாகவே அனுப்பினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்றுதானே?

நான் மாற்றியதையே கண்காட்சிக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

படத்தை எப்படி அனுப்பினேன் என்று அக்கா போனில் கேட்டாள். "நீ சொன்ன மாதிரிதான்க்கா" என்றேன். வாய் கூசவே இல்லை.

மார்ச் 19, புதன்

அக்கா படம் தேர்வாகிவிட்டது. "அவங்களுக்குப் புரிஞ்சிருக்குடி! நான் பார்த்தது அவங்களுக்கும் புரிஞ்சிருக்கு!" என்று கத்துகிறாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! சொல்லியிருக்கணும். அப்பவே சொல்லியிருக்கணும்.

மார்ச் 23, ஞாயிறு

கண்காட்சி. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த அக்கா தன் படத்தைத் தாண்டிப் போனாள். தாண்டியே போய்விட்டாள். "ஏய், இங்க பாரு, உன் பேரு!" என்று மாமாதான் கூப்பிட்டார். திரும்பி வந்து பெயரைப் படித்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடியும் பெயரை.

யாரோ ஒருவர், "அந்தக் கண்ணு இருக்கே, உயிரோட பாக்குதுங்க" என்று கை கொடுத்தார். "தேங்க்ஸ்" என்றாள். நான் வைத்த கண் அது.

வெளியே படிக்கட்டில், "நான் நாரையை எடுக்கலடி" என்றாள். கோபம்கூட இல்லை. "அன்னைக்கு எனக்கு எதுவும் தெரியல. உள்ள ஒண்ணு அசையுது, உயிரோட இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது. அதைத்தான் எடுத்தேன். நீ அதைத் துடைச்சுட்டே."

பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்! கருவளையம் அழிக்கிற அதே கை.

மார்ச் 24, திங்கள்

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 26, புதன்

கண்காட்சி நடத்துகிற பெண்மணியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "நல்லாத்தானேம்மா இருக்கு? எதுக்கு மாத்தணும்?" என்றார். "இது எங்க அக்கா படம் இல்லைங்க. என் படம்." அவர் ஆளை விட்டுப் படத்தை இறக்கச் சொன்னார். சரியான பிரதி வரும்வரை அந்த இடம் காலியாக இருக்கும்.

மார்ச் 29, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா கதவைத் திறந்தார். கிண்டல் எதுவும் இல்லை. மன்னிப்பை மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். "கம்ப்யூட்டரைப் போடு" என்றாள் அக்கா.

செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். கண்ணின் பொட்டு. வானத்துச் செம்மை. தூக்கிய நிழல். பழைய படம் வந்துவிட்டது, போதும் என்று நினைத்தேன்.

"இதுவே அதிகம்டி. கேமரா என்னைவிட நிறைய பார்த்திருக்கு. வெளிச்சத்தைக் குறை."

குறைத்தேன். நாணல் போயிற்று.

"இன்னும்."

கழுத்து போயிற்று.

"இரு. இங்கதான்."

பிறகு திரையைப் பார்த்தபடியே, "ஆஸ்பத்திரில பொண்ணுன்னு சொன்னாங்க" என்றாள்.

எனக்குத் தெரியாது. இத்தனை மாதமாக நான் கேட்டதே இல்லை.

டீயோடு வந்த மாமா கதவருகிலேயே நின்றுவிட்டார். கொஞ்சம் கழித்து டம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டு, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.