நப்லாவின் கிளினிக் கொப்பி

சாய்ந்தமருது,
புதன்கிழமை, பகல் பதினொரு மணி.

கட்டார் நாட்டைத் தன் இரண்டு தோளிலும் தாங்கி நிற்கும் மகன் மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தச் சலாத்தை லீவு முடிந்து நாளை அங்கே வந்துசேரும் உங்கள் அறைக் கூட்டாளி மஜீட்டின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் அவன் பாதியைத் தின்றுவிடாமல் முழுதாக வாங்கிக்கொள்ளவும்.

எழுதுவது உங்கள் மனைவியின் தாய்மாமன் சரீப். நானூறு ஏக்கர் வயலுக்கு எந்த மதகை எந்த நாள் திறப்பது என்று முடிவு செய்யும் வட்டவிதானை. நான் ஒருதரம் கனைத்தால் குளத்துத் தண்ணீர் தானாக எழும்பி வரிசையில் நிற்கும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். சொல்ல வேண்டிய மற்றவற்றுக்கும் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கோல் எடுத்தேன். நப்லாவுக்கு இதயத்தில் கோளாறு என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "போன மாசம் ஆனை, இந்த மாசம் இதயமா மாமா?" என்று கேட்டீர்கள். அறையில் இருந்த மற்றப் பொடியன்மார் சிரித்ததும் கேட்டது. போன மாதம் நான் சொன்ன யானை, மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் என் சைக்கிளின் பின்னால் ஏறி, சந்தியில் இறங்கி, நன்றி சொல்லிவிட்டுப் போன யானை. அப்படிப்பட்ட யானையை விற்றவனிடம் இதயத்தை யார் வாங்குவார்? உங்களில் பிழை இல்லை. நானும் உங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். வைத்த பிறகு அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அதனால்தான் கடிதம். எழுத்தில் என் குரல் கேட்காது.

நப்லா வீட்டில் இல்லை, மகன். ஒன்பது நாளாகப் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். உங்களிடம் வீட்டில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் இப்போது ஆஸ்பத்திரி வளவில் வாகை மரத்தடிச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்து எழுதுகிறேன். பிள்ளைத்தாய்ச்சி வாட்டுக்குள் பன்னிரண்டு மணிக்குத்தான் ஆம்பிளைகளை விடுவார்கள்.

இதயம் என்றால் என்ன என்று முதலில் சொல்கிறேன். ஒன்பது நாளில் நான் அதில் பெரிய பட்டம் எடுத்துவிட்டேன். தம்பிலுவிலைச் சேர்ந்த பாக்கியராசா டொக்டர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். நான் கேட்ட கேள்விகளின் கனத்தில், வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

அது அவரவர் பொத்திய கையளவுதான். உள்ளே நான்கு அறை, மேலே இரண்டு, கீழே இரண்டு. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தை வலப்பக்கத்து அறைகள் வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே காற்றை ஏற்றிக்கொண்டு இரத்தம் இடப்பக்க மேல் அறைக்கு வரும், பிறகு கீழ் அறைக்கு இறங்கும். கீழ் அறை ஓங்கி ஒரு தள்ளுத் தள்ள, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை போய்ச் சேரும். மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் கதவு. ஒரு பக்கம் மட்டும் திறக்கும். நெஞ்சில் காது வைத்தால் கேட்கிறதே, அது இந்தக் கதவுகள் சாத்துப்படும் சத்தமாம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தரம் இது நடக்கிறது என்றார். அறுபத்திரண்டு வருடம் புளுகியிருக்கிறேன், இப்படி ஒரு தொகையைச் சொல்ல எனக்கே துணிவு வந்ததில்லை.

நப்லாவின் இடப்பக்கத்துக் கதவு இறுகிவிட்டது. இரண்டு விரல் தாராளமாகப் போகவேண்டிய வாசலில் இப்போது சுண்டுவிரலே நெருக்கித்தான் போகுமாம். அப்படி இறுகினால் என்ன ஆகும் என்று டொக்டர் சொல்லத் தொடங்க, நான் மறித்து, எனக்குத் தெரியும் ஐயா என்றேன். முப்பது வருடம் மதகோடு வாழ்கிறவன். கதவு திறக்காவிட்டால் கீழ்வயல் காயும், மேல்வயல் தாழும். அவளுக்குக் கீழ்வயல் உடம்பு. மேல்வயல் நுரையீரல். தண்ணீர் பின்னுக்கு ஏறி ஏறி அங்கேதான் தேங்குகிறது. மல்லாந்து படுத்தால் முங்குகிறவளைப் போலக் கையை வீசுகிறாள். நான்கு தலையணை வைத்து, இருந்தபடியே கண்ணை மூடுகிறாள். திங்கட்கிழமை இருமியபோது வாய் துடைத்த லேஞ்சியில் இளஞ்சிவப்பு நுரை வந்தது. அதை மடித்துத் தலையணைக்குக் கீழே ஒளித்தாள்.

அந்தக் கதவு நேற்று இறுகியதில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தது. முழங்கால் ஆறினால் முழங்கை வீங்கும், முழங்கை ஆறினால் மணிக்கட்டு. வாதக் காய்ச்சல் என்றார்கள். தொண்டைக் கிருமியோடு சண்டைக்குப் போகிற உடம்பு, ஆள் தெரியாமல் தன் இதயக் கதவையும் அடித்துவிடுமாம். காயம் ஆறும்போது கதவின் இரண்டு இதழும் ஒன்றோடொன்று ஒட்டும். காய்ச்சல் திரும்ப வந்தால் இன்னும் ஒட்டும். திரும்ப வராமல் இருக்க ஒரே வழி, மாதத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. சுனாமிக் கடல் வந்த வருடம் அவளுக்கு ஒரு வயது. வாப்பாவைக் கடல் கொண்டுபோன பிள்ளை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வருடம் போனாள். பெரிய ஆம்பிளையும் அழுகிற ஊசி அது. கிளினிக் கொப்பியில் தொண்ணூற்றாறு திகதி இருக்கிறது, ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த எட்டு வருடமும் கதவில் சின்னதாக ஒரு இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

தொண்ணூற்றேழாவது ஊசியை நிறுத்தியவன் நான்.

உங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டுச் சொல்லியனுப்பிய கிழமை அது. இதயக் கிளினிக் செவ்வாய்க்கிழமை. வாங்கில் வரிசையாக இருக்கவேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், உங்கள் தெருப் பெண்டுகளும் பிறஷர் குளிசை எடுக்க அங்கே வருவார்கள். நான் நப்லாவின் உம்மா, என் தங்கச்சி நதீராவிடம், கலியாணம் முடியுமட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவேண்டாம் என்றேன். நெஞ்சு வருத்தக்காரி என்று ஒரு வாய் சொன்னால் பொத்துவில் வரை தேடினாலும் மாப்பிள்ளை கிடைக்காது என்றேன். "காக்கா, ஒரு மாசமும் விடப்படா எண்டு டொக்டர் சொன்னவர்" என்று உங்கள் மாமி அழுதா. ஆறு மாதம்தானே என்று அதட்டினேன். கொப்பியை வாங்கிக்கொண்டு போய் என் வயல் கூட்டக் கடதாசிகளுக்குள் வைத்தேன். நப்லாவைக் கூப்பிட்டு, உங்களிடம் இதைச் சொல்வதில்லை என்று வாக்கு வாங்கினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தந்தாள். நான் வெளியே வந்து திருப்தியாக வெற்றிலை போட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று உங்களுக்கு மூத்தவ றுஸ்தா ராத்தா, பிள்ளைக்கு வருத்தம் ஏதும் இல்லையே என்று கேட்டது நினைவிருக்கிறதா? நான் எழும்பி நின்று, இவள் ஒருதரம் தும்மினால் கல்முனை பஸ் நிலையத்தில் நாலு பேர் விழுவார்கள், அவ்வளவு தேகபலம் என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். ராத்தாவும் சிரித்தா. கேட்ட கேள்வி அந்தச் சிரிப்பில் அமிழ்ந்து போனது. வாய் தவறி வந்த பகிடி அல்ல, மகன். கேள்வியை அமிழ்த்தத்தான் சொன்னேன்.

கலியாணம் முடிந்தவுடன் ஊசியைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் நம்ம பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தானே இருப்பார்; செவ்வாய்க்கிழமை எங்கே போகிறாய் என்று நீங்கள் கேட்டால்? நீங்கள் கட்டாருக்குப் போன பிறகு தொடங்கியிருக்கலாம். ராத்தா கண்டால்? மாதத்துக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். இரண்டு வருடமும் மூன்று மாதமும் போயின. போன வருட நோன்பில் அவளுக்கு மறுபடியும் தொண்டை நோவு, காய்ச்சல், மூட்டு வீக்கம். இது சிக்குன்குனியா என்று நானே டொக்டராகி, கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன். பெரும்பாலும் அந்தக் காய்ச்சலில்தான் கதவு இப்படி ஒட்டியிருக்கும் என்று பாக்கியராசா டொக்டர் சொல்கிறார். நீங்கள் லீவில் வந்து போன பிறகு, பிள்ளை தரித்துக் கர்ப்பிணிக் கொப்பி போடப் போன இடத்தில், பழைய வருத்தம் ஏதும் உண்டா என்று மிட்வைஃப் மிஸ் கேட்டா. நதீரா என் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னா.

ஒன்பது நாளைக்கு முன், உடுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று படி ஏறமுடியாமல் நடுப்படியில் இருந்துவிட்டாள். உதடு நாவற்பழம்போல் கறுத்துவிட்டது. கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன். டொக்டர் கடைசித் திகதியைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வெறும் பக்கம். ஏசவில்லை. "ஐயா, இதுக்குப் பிறகு வேற கொப்பி இல்லையா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்த நேரத்திலும் இருபது பொய் நாவுக்கு வந்தது. இல்லை ஐயா என்றேன்.

இப்போதைய நிலைமை இதுதான். வயிற்றில் பிள்ளை இருந்தால் தாயின் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும். ஏழாம் மாதத்தில் அந்த வெள்ளம் உச்சத்துக்கு வரும். அவளுக்கு இப்போது ஐந்தரை. இந்தக் கதவோடு ஏழாம் மாதத்தைத் தாண்டமாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் இதயத்தை ஸ்கானில் கேட்டேன்; அரிசி ஆலைபோல் ஓடுகிறது, குறையொன்றுமில்லை.

திங்கட்கிழமை கொழும்பில் வைத்துச் செய்வார்கள். தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயொன்றை இதயத்துக்குள் விட்டு, அந்தக் கதவுக்கு நடுவில் சின்னப் பலூனை ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும் என்றார். மற்றவர்களைப் பற்றியும் கேட்டேன், சொன்னார். அதை நான் எழுதவில்லை.

அம்புலன்ஸ் ஞாயிறு காலை புறப்படும். ஆனால் நப்லா கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாள். நதீரா காலைப் பிடித்தும் கேட்கவில்லை. டொக்டரும் சொல்லிப் பார்த்துவிட்டார். நேற்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மாமா, அவருக்குத் தெரியாம நான் மேசையில ஏறமாட்டன். நான் மௌத்தாப் போனா, ஜனாஸாவுக்கு வாற நேரம் ஆரும் ஒராள் சொல்லி அவர் இத அறியப்படா. நீங்க கட்டின வாக்க நீங்கதான் அவிழ்க்கணும்." இவ்வளவையும் சொல்லி முடிக்கக் கால் மணித்தியாலம் ஆனது.

அவிழ்த்துவிட்டேன். புளுகில்லை என்பதற்குக் கிளினிக் கொப்பியையும் இதய ஸ்கான் அறிக்கையின் பிரதியொன்றையும் இதோடு வைத்திருக்கிறேன். தொண்ணூற்றாறு திகதியையும், அதற்குப் பிறகு வருகிற வெறும் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் என்னுடையது.

கோபம் வரும். வரவேண்டும். உங்களை ஏமாற்றித்தான் கட்டிவைத்தேன். ஆனால் நதீரா என் சொல்லுக்குப் பயந்தவள், நப்லா என் வாக்குக்குக் கட்டுப்பட்டவள். பள்ளிவாசலில் என்னை நிறுத்துங்கள். காதியாரிடம் இழுங்கள். ராத்தாவை அனுப்பி நடுத்தெருவில் ஏசச் சொல்லுங்கள். எல்லா இடத்துக்கும் வருவேன், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வேன். என்ன முடிவையும் எடுங்கள். திங்கள் மட்டும் கழியட்டும்.

இன்னும் ஒன்று. நீங்கள் மஜீட்டிடம் மனம் நொந்து கதைத்தீர்களாம். நப்லா முந்தியைப்போலக் கதைக்கிறாளில்லை, எதைக் கேட்டாலும் ஓம் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள், பிள்ளை வயிற்றில் வந்ததும் என்னில் பட்சம் குறைந்துவிட்டதோ என்று. மகன், ஒரு வசனத்தை முடிக்க அவளுக்கு மூச்சுக் காணாது. உங்கள் கோல் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். அதற்குப் பத்து நிமிடம் முன்னமே ஒருவரோடும் கதைக்கமாட்டாள். போன் அடித்ததும் ஒக்சிஜன் குழாயின் இரைச்சல் உங்களுக்குக் கேட்காமல் இருக்க அதை மூக்கிலிருந்து கழற்றிக் கையில் பொத்திக்கொள்வாள். அந்த ஒரு ஓமுக்காகத்தான் அவ்வளவு மூச்சையும் சேர்த்து வைத்திருப்பாள். நான் பக்கத்தில் நின்று கண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தவுடன் எடுங்கள். நீங்களே கதையுங்கள். நீளமாகப் பதில் சொல்லவேண்டிய எதையும் கேட்கவேண்டாம். மாமா எழுதிவிட்டார், எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லுங்கள். கையெழுத்தைப் போடு என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு உங்கள் மனம் இடம் தந்தால், நான் வந்து பக்கத்தில் நிற்கட்டா என்று ஒருதரம் கேளுங்கள். அதற்கு மட்டும் அவளால் பதில் சொல்ல முடியும்.

அல்லாஹ் உங்கள் நெஞ்சை விரித்துத் தரட்டும். அவளுக்கு மூச்சைத் தரட்டும். எனக்கு எதையும் கேட்டுத் துஆச் செய்யவேண்டாம்.

சரீப் மாமா