இருட்டில் போடும் கணக்கு

கோரமண்டல், தங்கவயல்
1902

அன்புள்ள அண்ணனுக்கு,

எண்களைப் பற்றிய இரண்டு புத்தகங்களில் எதை அனுப்பட்டும் என்று பெங்களூரிலிருந்து கேட்டிருந்தாய். வாத்தியார் துணையில்லாமல் விளங்காத அந்தத் தடிப் புத்தகம் வேண்டாம். பள்ளியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். இனி வகுப்புக்குப் போகாமலே வகுக்க வேண்டியவன் நான்.

அப்பா சுகம். பாறை விழுந்த காலை மட்டும் எடுத்துவிட்டார்கள். இரண்டில் ஒன்று போக மீதி ஒன்று என்று சொல்லிப் பார்த்தேன், சிரிக்கவில்லை. அவருடைய ஷிப்டில் இப்போது நான் இறங்குகிறேன்.

வெடி வைத்தபின் புகை அடங்கும்வரை சுரங்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருப்போம். தொப்பியில் களிமண்ணால் ஒட்டிய மெழுகுவர்த்தியில் படிக்கலாம் என்றால் மேஸ்திரி ராஜப்பா விடுவதில்லை.

"அணைடா. மெழுகு இன்னா உன் மாமனார் வூட்டுதா?"

"மாமனாரையும் நீங்களே பாத்துக் குடுங்க மேஸ்திரி" என்றேன். எல்லாருடையதற்கும் முன்னால் என் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

படம் போட்ட கணக்கு இருட்டில் ஆகாது. எண் என்றால் மனதிலேயே போடலாம். ஆகவே அந்தச் சின்னப் புத்தகத்தை அனுப்பு. கேள்விகள் ஒரே வரியில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கு. ஒரு கேள்வியைப் படித்துக்கொண்டு இறங்கினால், மேலே ஏறும்வரை அது தீரக்கூடாது.

உன்னை உடனே வரச் சொல்லி எழுதும்படி அம்மா சொன்னாள். எழுதிவிட்டேன். நீ பரீட்சையை முடித்துவிட்டு வா.

உன் வாலுத் தம்பி