சட்டையை உதறாதே

பதினொன்றாம் தேதி, செவ்வாய், மாலை ஐந்து நாற்பது. அப்பா வாசலிலிருந்து நாற்காலிக்கு இருபத்திரண்டு அடி நடந்தார், இரண்டு இடத்தில் நின்றார். இங்கே சுகம் என்பது இவ்வளவுதான், அங்கே நீங்கள் மூவரும் இதைவிட நன்றாக இருக்கவேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன் அக்கா, மூச்சு வாங்கும் இடங்களில் நான் புகுந்துகொள்கிறேன். ஏன் நிற்கிறீர்கள் என்றால், முப்பது வருஷம் பஸ்ஸுக்கு பிரேக் போட்டவன்டா, நடுவுல நிக்கமாட்டேனா என்கிறார்.

நுரையீரலில் இருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், தூசியால் வந்த வடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவில் ஃபிட்டர்கள் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவார்களே, அந்தத் தூசி. நஷ்டஈட்டுக்கு மனு போட்டேன். எங்கள் பிரேக் லைனிங்கில் கல்நாரே கிடையாது என்று டிப்போவிலிருந்து ஒரே வரியில் பதில். பழைய ஸ்டோர் ரெஜிஸ்டரைக் கேட்டால் கரையான் தின்றுவிட்டதாம். படித்த கரையான். அடுத்த மாதம் இருபதாம் தேதி விசாரணை, அதற்குள் தூசியைக் காட்டாவிட்டால் மனு தள்ளுபடி.

தூசி உன்னிடம்தான் இருக்கிறது. அப்பா வாசனை போய்விடும் என்று துவைக்க விடாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாயே அப்பாவின் வேலைச் சட்டை, அதன் பையில். அதை உன்னிடம் கேட்கலாம் என்று மூன்று வாரமாகச் சொல்கிறேன், அவகிட்ட இருக்குறது அது ஒண்ணுதான்டா, அதையும் புடுங்கவா என்று அவர் மசியவில்லை. நேற்று உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தாத்தா சட்டையைப் போர்த்தினால்தான் பாப்பா தூங்குகிறாள் என்ற வரியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். போனைப் போடுடா என்றார். சட்டையைத் தொடாதே என்று கத்திவிட்டு வைத்தேனே, காரணம் இதுதான். விளக்கம் சொல்லாதது என் தப்பு.

குடி முழுகிவிடவில்லை. ஆனால் உதறாதே, துவைக்காதே. மூக்கை மூடிக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, அப்படியே சுருட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி அனுப்பு. பாப்பாவை டாக்டரிடம் காட்டி விஷயத்தைச் சொல். அப்பா குறுக்கே சொல்கிறார்: தப்பு என்னோடதும்மா, வேலை முடிஞ்சு அதே சட்டையோட உன்னைத் தூக்கினவன் நான்தானே. தூசி ஆபத்து என்று அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. இது அவர் சொல்லாமல் நான் எழுதுவது.

மூச்சு நிறைஞ்சு நல்லா இருங்க எல்லாரும் என்று அப்பா வாழ்த்துகிறார். பையை நன்றாக ஒட்ட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பா
(கையெழுத்து மட்டும் அவருடையது, மற்றதெல்லாம் தம்பி)

இனி நான் செய்யப்போவது:

1. சட்டை வந்த அன்றே பரிசோதனைக்கூடத்தில் கொடுப்பது.

2. அப்பாவோடு வேலை பார்த்த ஏழு ஃபிட்டர்களையும் எக்ஸ்ரேவுக்கு இழுத்துப்போவது. மறுத்தால் அவரவர் மனைவியிடம் சொல்லிவிடுவது.

3. விசாரணையில் கோபப்படாமல் பேசுவது (அப்பா சேர்க்கச் சொன்னது).

4. நேற்றிலிருந்து அப்பா ஒரு புதுச் சட்டையைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கி, துவைக்காமல் பாப்பாவுக்கு அனுப்புவது.