சோடா பாட்டில் போகும் வழி

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. உடம்பு என்று பார்த்தால் எனக்கும் உன் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, மனசுதான் தீவுக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குமட்டிக்கொண்டே இருக்கிறது. நீ அங்கே குளிரில் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டு, உன் சக்கர நாற்காலியின் பிரேக்கையும் சரிசெய்துகொண்டு நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ 'அம்மா, கொஞ்சம் மூச்சு விடு' என்பாய், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

அடுத்த மாதம் வரும்போது தீவுக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாயே, ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியாதா. ஆறாம் வகுப்பில் உன் வகுப்பே படகேறிப் போயிற்று, உன்னை மட்டும் கரையில் உட்காரவைத்து எல்லோருடைய பைகளுக்கும் காவலாக விட்டுப் போனார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து 'ஒரு பைகூடத் தொலையலம்மா' என்று பெருமையாகச் சொன்னாய் பார், அதை நினைத்தால் இன்றைக்கும் அந்த டீச்சரைத் தேடிப்போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் போல இருக்கிறது. இப்போது நீ போட்டதும் ஒரே நிபந்தனைதான், 'யாரும் என்னைத் தூக்கக் கூடாது, நானாப் போகணும், முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு, பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போய் அங்க வச்சு என்னை மூட்டையாக்கிடாதே' என்று. அதனால்தான் முன்னாடியே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

படகுக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள், கீழே 'அனைவருக்கும் முழு வசதி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. போன் பண்ணினால் 'எல்லாம் இருக்குங்க, நேர்ல வாங்க' என்கிறார்கள். உன் அப்பாவுக்கு அந்த 'எல்லாம்' மீது சந்தேகம். சும்மா போய் விசாரித்தால் வாய்ப்பந்தல் போட்டு அனுப்பிவிடுவார்கள், உட்கார்ந்து போனால்தான் இவர்கள் வண்டவாளம் தெரியும் என்று மருந்துக்கடைக்காரரிடம் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, அதில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். வேண்டாங்க, இது வம்பில் போய் முடியும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்கிற ஆளா அவர்.

டிக்கெட் கவுண்டரில் இருந்தவன் இவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து 'பெரியவருக்குக் காது கேக்குமா? படகுல கத்தமாட்டாரே?' என்கிறான். உன் அப்பா வாயைத் திறப்பதற்குள் நாலு தடியன்கள் வந்து, கேட்கவும் இல்லை சொல்லவும் இல்லை, நாற்காலியோடு அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். ஒருத்தன் வாயில் எதையோ குதப்பிக்கொண்டே இவர் காதுக்குப் பக்கத்தில் கடலில் துப்புகிறான், இன்னொருத்தன் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் பிடித்திருக்கிறான். இவருடைய செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்ததுதான், அதை எடுக்க ஒரு நாதி இல்லை. படகில் 'வீல்சேர் இடம்' என்று எழுதியிருந்த மூலையில் டீசல் கேன்களும் நனைந்த கயிறும் யாரோ வாந்தியெடுத்த ஈரமும். சீ, நாய்கூடப் படுக்காது அங்கே. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

தீவில் இறங்கினால் முதலில் 'சிறப்புக் கழிவறை'. பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவன் தேநீர் குடிக்கப் போயிருந்தான், வந்து திறந்தால் உள்ளே ஆளுயரத்துக்குத் துடைப்பம், பினாயில் கேன், உடைந்த நாற்காலிகள், கைப்பிடிக் கம்பியில் எவனோ காயப்போட்ட உள்ளாடை! 'யாரும் வர்றதில்லீங்க, அதான்' என்கிறான், பூட்டிவைத்தால் எப்படி வருவார்களாம். அதைத் தாண்டினால் கலங்கரை விளக்கம் நிற்கிற குன்று, முழுக்கப் படிக்கட்டு. ஏறிப் போவதெப்படி என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை, மறுபடியும் அதே நாலு பேர். அதில் ஒருத்தன் 'தாத்தா, கையைத் தூக்கு' என்று இவருடைய அக்குளில் கைவிட்டான் பார், உன் அப்பா 'கையை எடுடா!' என்று ஒரு சத்தம் போட்டு விருட்டென்று எழுந்து நின்றுவிட்டார்!

அவ்வளவுதான், கூட்டமே திரும்பிற்று. 'நடிக்கிறான்யா, வரிசையைத் தாண்ட வேஷம் போட்டிருக்கான், இந்த வயசுல பொழப்பப் பாரு' என்று ஆளாளுக்கு. போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள், உன் அத்தை அன்றைக்கே பார்த்துவிட்டு என்னிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள். இத்தனை நேரம் இவரை மூட்டையாய்ச் சுமந்தபோது ஒரு முகம் சுளிக்கவில்லை, எழுந்து நின்றது மட்டும் குற்றமாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கும்பல் முழுவதையும் அந்த டீசல் மூலையில் அடைத்துவைத்திருப்பேன்.

வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம் என்று குன்றுக்குப் பின்பக்கம் போனோம். அங்கே பார்த்தால், நான் பொய் சொல்லவில்லை, அழகான சிமெண்ட் சரிவு, வழவழவென்று, வளைந்து வளைந்து மேலே கலங்கரை விளக்கத்தின் அடி வரைக்கும் போகிறது. அதில் ஒருத்தர் தள்ளுவண்டியில் சோடா பெட்டிகளை அடுக்கி நிதானமாக ஏற்றிக்கொண்டு போகிறார். மேலே இருக்கிற கடைக்காம். பின்பக்கத் துறையில் சரக்குப் படகு நிற்கிறது, அதற்கும் கரைக்கும் நடுவில் அகலமான பலகை, படியே கிடையாது, ஊர்க்கரையில் ஏற்றுவதும் இதே மாதிரிப் பலகையில்தானாம். இதை ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று கேட்டேன். 'தூக்கினா பாட்டில் உடையுதும்மா, அதான்' என்றார். கேட்டாயா கண்ணு, பாட்டில் உடையக் கூடாதாம்! அங்கேயே காறித் துப்பியிருப்பேன், பாவம் அந்த மனுஷன் என்ன செய்வார் என்று விழுங்கிக்கொண்டேன்.

உன் அப்பா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தள்ளப் போனேன், 'தொடாதே' என்றார். தானே சக்கரத்தை உருட்டி, நடுநடுவே நின்று, மேலே போய்ச் சேர்ந்தார். மேலே சுற்றிலும் கடல், நல்ல காற்று, பொய் சொல்லக் கூடாது, பார்க்க வேண்டிய இடம்தான். மறுநாள் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன். சரக்குப் படகில் ஆட்களை ஏற்றுவதில்லையாம், இழுத்து இழுத்துப் பேசிவிட்டு 'வேணும்னா உங்க பொண்ணைச் சரக்குன்னு கணக்குல காட்டி ஏத்திக்கலாம்மா' என்றான். தூ! இதை ஒரு சலுகை மாதிரிச் சொல்கிறான். அப்படியென்றால் என்னையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்துச் சரக்கென்றே போட்டுக்கொள், மூன்று பேரும் சோடாவோடு வருகிறோம் என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான், நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சரியென்று ஒப்புக்கொண்டான். ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இதுதான், முன்வாசல் வழியாக முடியாது, சோடா போகிற வழியாக முடியும், உன்மேல் ஒரு கை படாது. அது உனக்கு அசிங்கமாகப் பட்டால் நாம் போகவே வேண்டாம். முடிவு உன்னுடையது, நான் வாயைத் திறக்கமாட்டேன்.

இன்னொன்று. நீ தவழ்கிற வயசிலிருந்து நம் வீட்டு வாசற்படியில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் உன் அப்பா, சரிவு போடுங்கள் என்று நீ கேட்டபோதெல்லாம் 'நான்தான் இருக்கேனே' என்று சிரித்தவர். தீவிலிருந்து வந்த ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, காலையில் பார்த்தால் வாசலில் கொத்தனார். படியை இடித்துச் சரிவு போட்டாயிற்று. காய்ந்ததும் இவர் அந்த இரவல் நாற்காலியில் உட்கார்ந்து தானே உருட்டி ஏறிப் பார்த்தார், கை வலிக்கிறது என்று அதை உடைத்து நீளமாக மறுபடியும் போடச் சொன்னார். கொத்தனார் என்னைப் பார்த்து ஜாடையாகத் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது அது தெரு வரைக்கும் வந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

நீ போகிற இடமெல்லாம் உனக்கு வழி திறந்திருக்க வேண்டும் என்று வாய் நிறைய வாழ்த்துகிறேன், அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார், அவருக்கு எழுத வரவில்லை. சரிவோரம் கைப்பிடியாக நட்டது பழைய கம்பி, துரு இருக்கிறது, கையுறையை மறக்காமல் எடுத்து வை. வருகிற நேரத்தை மட்டும் சொல். உன்னை வாங்கிக்கொள்ள யாரும் வாசலில் நிற்கமாட்டோம், இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கதவு திறந்திருக்கும், நான் சமையல்கட்டில் பார்க்காத மாதிரி நிற்பேன், நீயே ஏறி உள்ளே வா.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா