ரவுத்தியோ அமைதி

ஜனவரி 9, வியாழன்

பட்டாணிச் சூப்பை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து சைமி வந்து நின்றாள். என் அக்காள் மகள். பல்கலைக்கழகத்தில் தரவுக் காப்பாளர்; அதாவது, அடுத்தவன் வியர்வையை ஊருக்கே பந்தி வைக்கும் உத்தியோகம்.

"மாமா, நிதி குடுத்தவங்க கேக்கறாங்க. உங்க எண்கள் எல்லாத்தையும் பொதுவுல போட்டாகணும்."

"என் பல்லையும் பிடுங்கிப் போடட்டுமா?"

"அது யாருக்கு வேணும்? எண்களைக் குடுங்க."

இருபது குளிர்காலம்! பல்தமோ ஏரியில் பனியை அறுத்துத் துளை போட்டு, ஊரில் பாதிப் பேரை அதற்குள் இறக்கி, முன்னும் பின்னும் குப்பியில் துப்ப வைத்து, அந்த உமிழ்நீரில் கார்டிசோல் அளந்த மகான் நான். உடம்பு பதறினால் ஊறும் சுரப்பு அது. எங்கள் ஆட்களுக்குப் பனிநீரில் முங்கி எழுந்தாலும் அது ஏறுவதில்லை. ரத்தமே பழகிவிட்டது! உலகம் இதற்கு 'ரவுத்தியோ அமைதி' என்று என் பெயரையே வைத்திருக்கிறது. உலகம் என்பது நானும் இரண்டு பாடநூல்களும். மார்ச்சில் ஓய்வு, கடைசி உரையும் அதைப் பற்றித்தான். நீச்சல் சங்கம் படித்துறையில் பெயர்ப் பலகை மாட்டப்போகிறது. இந்த நேரத்திலா என் பெட்டியைத் திறந்து காட்டுவது?

ஜனவரி 13

கொடுத்துவிட்டேன். சைமி தன் அம்மாவை விட்டுப் பேச வைத்தாள். அக்காவிடம் தோற்பது தோல்வி அல்ல, இயற்கைச் சீற்றம்.

ஜனவரி 28

பதினைந்து நாள்தான். அதற்குள் பருந்து இறங்கிவிட்டது. லிஸ்பனிலிருந்து டெல்ஃபினா என்ற விஞ்ஞானி எழுதுகிறாள். குளிர்நீரில் பழகிய அவளுடைய ஆட்களைப் பனித்தொட்டியில் இறக்கினாளாம். அத்தனை பேருக்கும் கார்டிசோல் எகிறியதாம். 'உங்கள் ஆட்களைப்போல ஒருவர்கூட இல்லையே, ஏன்?'

ஏனா? லிஸ்பனில் குளிர் என்றால் மீன்கடைப் பெட்டியை எட்டிப் பார்ப்பது. எங்கள் ஏரியில் முங்கினால் மீனே போர்வை கேட்கும். 'ஆட்களை மாற்றிப் பாருங்கள்' என்று ஒரே வரியில் பதில் போட்டேன். என்ன கம்பீரமான வரி!

பிப்ரவரி 4

விடமாட்டேன் என்கிறாள். என் அட்டவணையில் 'முன்' என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, அது எதற்கு முன் என்று கேட்கிறாள்.

தண்ணீருக்கு முன், அம்மணி. வேறெதற்கு? பிரளயத்துக்கா?

பிப்ரவரி 11

நேரில் வருகிறாளாம். வரட்டும். மூக்கு உறைந்து உதிர்ந்தால் பொறுக்கிக் கொடுக்க ஆள் போடுவேன்.

பிப்ரவரி 15, சனி

எப்படி எழுதுவது இதை?

ஏரிக்கரைக் குளிரில் டெல்ஃபினா ஒரு கோட்டுக்குள் இன்னொரு கோட்டாக நின்றாள். சவுனா என்னும் கொதி அறையின் கதவு திறந்தது. எங்கள் ஆட்கள் வழக்கம்போல வேகவைத்த நண்டாகச் சிவந்து, மேலெல்லாம் ஆவி பறக்க வெளியே வந்தார்கள். சங்கத் தலைவி ஹில்க்கா குப்பிகளை நீட்டினாள். துப்பினார்கள்.

"இவங்க எங்கேருந்து வர்றாங்க?" என்றாள் டெல்ஃபினா.

"சவுனாவுலேருந்து. அரை மணி வெந்தாத்தானே சுகம்" என்றாள் ஹில்க்கா.

"இப்ப எடுத்தீங்களே... இதுதான் 'முன்'னா?"

"ஆமாம்மா. அப்புறம் தண்ணி, அப்புறம் மறுபடி துப்பறது."

"சவுனாவுக்கு முன்னாடி எடுக்கறதில்லையா?"

"அப்ப எதுக்கு? சவுனா இல்லாம ஏரிக்குள்ள எறங்க நாங்க என்ன வாத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் உரக்கச் சிரித்தேன். பாதியில் நிறுத்தி, ஹில்க்கா கையிலிருந்த குப்பிகளைப் பார்த்தேன்.

அந்தக் கொதிப்பிலேயே உடம்பு பதறி முடித்திருக்கும். சுரப்பு ஏற்கெனவே உச்சியில். கூரைமேல் நிற்பவனைப் பார்த்து, 'ஏணி வைத்தாலும் ஏறமாட்டேன் என்கிறான், என்ன அமைதி!' என்று இருபது வருடம் எழுதியிருக்கிறேன். ஒரு கட்டுரையிலாவது சவுனா என்ற சொல்லைப் போட்டேனா? மூச்சுவிட்டதை எவன் குறித்து வைப்பான்?

டெல்ஃபினா சிரிக்கவில்லை. ஹில்க்கா சுட்டுக் கொடுத்த இறைச்சிக் குழலைக் கடுகு தொட்டு மெதுவாகத் தின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 16

இல்லை. இருக்காது.

பிப்ரவரி 19

சைமி தொலைபேசியில்.

"மாமா, டெல்ஃபினா வெளியில ஒண்ணும் சொல்லல. நீங்களே எழுதுவீங்கன்னு காத்திட்டிருக்காங்க."

"பிச்சையா?"

"மரியாதை மாமா."

"அது இன்னும் மோசம்டீ!"

வைத்துவிட்டேன். மார்ச் வரை வாயை மூடினால் போதும். உரை, கைதட்டல், பலகை எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும். அப்புறம் யார் எழுதினால் எனக்கென்ன — நான் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பேன். அப்படித்தானே? பின் ஏன் தூக்கம் வரமாட்டேன் என்கிறது?

பிப்ரவரி 22, சனி

காலையில் சவுனா அடுப்பு மூட்டும் முன்பே போனேன். கோட்டைக் கழற்றினேன், துப்பினேன், இறங்கினேன். பிறந்ததிலிருந்து முதல் முறையாக, சவுனாவில் வேகாமல்.

நான் போட்ட கூச்சலில் ரஷ்ய எல்லைவரை கரடிகளின் குளிர்காலத் தூக்கம் கலைந்திருக்கும். விறகு கொண்டுவந்த ஹில்க்காவின் குரல் மேலே கேட்டது: "யாரங்க, பன்னிய அறுக்கறாங்களா?"

"நான்தான்!"

"பேராசிரியரா? சவுனா போடாமலா எறங்கினீங்க? அய்யோ, மூளை கலங்கிடுச்சு மனுஷனுக்கு!"

பல் தந்தியடிக்க மறுபடி துப்பினேன். அமைதியாம் அமைதி!

பிப்ரவரி 26

என் கார்டிசோல் மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. ஒரு கிழவனின் எச்சில் எதையும் நிரூபிக்காது. மாணவன் எவனாவது கொண்டுவந்திருந்தால் கிழித்து முகத்தில் வீசியிருப்பேன். எனக்குப் போதும்.

மார்ச் 14, வெள்ளி

உரை முடிந்தது. இருபது வருட மகத்தான மடமையை அங்கம் அங்கமாக அறுத்து வைத்தேன். கடைசியில் ஹில்க்காதான் கையைத் தூக்கினாள்.

"அப்ப அந்தப் பலகைய என்ன பண்றது? எழுத்து வெட்டியாச்சே."

டெல்ஃபினா லிஸ்பனிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சிரித்தாள். பாவி, நானும் சிரித்தேன்.

வெளியே வந்ததும் சைமியின் மேசையில் உட்கார்ந்து, பொதுவில் கிடக்கும் அட்டவணையில் அந்தத் தலைப்பை என் கையாலேயே மாற்றினேன்: 'சவுனாவுக்குப் பின், ஏரிக்கு முன்'.

மார்ச் 15

பலகையைப் பின்புறமாகத் திருப்பி, அதில் புதிதாக எழுதி மாட்டிவிட்டார்கள். 'படி வழுக்கும், கவனம்.' இருபது வருடத்தில் அந்தக் கரையில் எழுதப்பட்ட முதல் உண்மை.

ஏப்ரல் 3, வியாழன்

மறுபடி பட்டாணிச் சூப்பு. ஜப்பானிலிருந்து ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். நான் திருத்திய தலைப்பைப் பார்த்ததிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லையாம். அவருடைய ஆட்கள் எல்லோரும் முதலில் வெந்நீர் ஊற்றில் ஊறிவிட்டுத்தான் குளிர்நீரில் இறங்குவார்களாம். பதினோரு வருடமாக அதை எங்கேயும் குறிக்கவில்லையாம்.

'குறிக்க வேண்டாமா, மடையரே!' என்று ஆரம்பித்தேன். மடையரை மட்டும் அழித்தேன். என் எண்கள் அத்தனையையும் இணைத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், சூப்பு ஆறிப்போயிருந்தது.