முதல் வரியில் ஒரு பெயர்

ஜூன் 8, ஞாயிறு

காலை முழுக்கக் குசினி மேசையில் லப்டொப்போடு. இணையத்து வரைபுக் கணிப்பானில் இதுவரை கீறிச் சேமித்தவற்றை எண்ணினேன். அறுபத்து மூன்று. அதில் இருபத்தொன்றுக்குப் பெயரே இல்லை. சமன்பாட்டைத் தட்டி, வளையி சரியாக வந்ததும் சேமித்துவிட்டுச் சோறு வடிக்க எழும்பிப் போன நாட்கள் அவை. ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்தேன்: 'பரவளைவு, தொடலி', 'எறியம், கோணத்தை மாற்றிப் பார்க்க', 'இரண்டு வட்டம் வெட்டும் இடம்'. பிறகு பாடவாரியாக ஃபோல்டர்களில் போட்டேன். இப்போது பார்க்க அலுமாரி அடுக்கின மாதிரி இருக்கிறது.

எல்லாம் என் கணவர் இராகுலனுக்காக. உட்துறைமுக வீதிக்குப் பின்னால் அவருடைய ரியூசன் ஹோல். உயர்தர இணைந்த கணிதத்துக்கு முந்நூறு பிள்ளைகள். நான் நிலாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை. வரைபை நான் கீறி லிங்கை அவருடைய வட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். அவர் பெரிய திரையில் காட்டிப் படிப்பிப்பார். கொரோனாக் காலத்தில் தொடங்கியது. எக்கவுண்ட் அவருடைய மின்னஞ்சலில். அன்று லப்டொப்பில் அதுதான் திறந்திருந்தது, வேறு காரணம் இல்லை.

ஃபோல்டர் போட்டதைக் காட்டினேன். "நல்லது. நீர் லிங்கை அனுப்பும், அதுவே போதும்" என்றார்.

ஜூன் 11, புதன்

கீர்த்தனி போனில் சிநேகிதியிடம் சொல்கிறாள்: "அதெல்லாம் அப்பா கீறுறவர்." தரம் எட்டுப் படிக்கிற என் மகள். நான் கீறுகிற மேசையில்தான் வீட்டுவேலை செய்கிறவள். திருத்தவில்லை.

ஜூன் 21, சனி

நேற்றுப் பின்னேரம் ஒரு சார்பின் வரைபை முடித்து லிங்க் அனுப்பினேன். விடிய தேத்தண்ணியோடு திறந்து பார்த்தால் பிழை. வளையி நெருங்கிக்கொண்டே போகிற அணுகுகோட்டை x = 1 இல் போடாமல் x = –1 இல் போட்டிருக்கிறேன். ஒரேயொரு கழித்தல் அடையாளம்.

திருத்திச் சேமித்தேன். ஆனால் ஒருதரம் அனுப்பின லிங்க், அனுப்பினபோது இருந்ததையேதான் காட்டும். பிறகு செய்கிற திருத்தம் அதற்குள் போகாது. புதிதாக ஒரு லிங்க் எடுத்து அனுப்பினேன். அவர் முகம் வழித்துக்கொண்டு நின்றார்.

"நேற்றைய லிங்கை விடுங்கோ. இப்ப அனுப்பினதைத் திறவுங்கோ."

"ஓம், ஓம்."

கண்ணாடியைப் பார்த்துச் சொன்ன ஓம்.

ஜூன் 23, திங்கள்

ஆசிரியர் அறையில் ஷாமிலா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தா. எங்கள் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவ. அவவின் மகள் இராகுலனிடம் ரியூசனுக்குப் போகிறாள்.

"லோஜினி, நீங்களும் கிராப் போடுறனீங்களா? இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாதே."

"ஆர் சொன்னது?"

"மகள்தான். சனிக்கிழமை ஒரு புள்ள எழும்பிக் கேட்டாவாம், சேர் அந்தக் கோட்டுக்குக் கிட்டவே வளையி வரேல்லையே எண்டு. சேர் மைக்கில சொன்னாராம், 'அது வீட்டில மிஸ் போட்டது, நான் பாக்கேல்ல. மிஸ்ஸுக்கு ரெண்டு மார்க்ஸ் குறைப்பம்' எண்டு. ஹோல் முழுக்கச் சிரிப்பாம்."

ஷாமிலாவிடம் கெட்ட எண்ணம் இல்லை. பகிடி என்று நினைத்துத்தான் சொன்னா. நானும் சிரித்தேன். அடுத்த பாடவேளை தரம் பத்துக்கு என்ன படிப்பித்தேன் என்று இப்போது நினைவில்லை.

ஐந்து வருடம். அந்த ஹோலில் என்னைப் பற்றி முதன்முதலாகச் சொல்லப்பட்டது இதுதான்.

ஜூன் 24, செவ்வாய்

கேட்டேன்.

"பகிடிக்குச் சொன்னது. அதுக்கேன் இப்ப முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?"

"நான் புது லிங்க் அனுப்பினனான். நீங்கள் பழசைத் திறந்தனீங்கள்."

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே கிடக்கு. எனக்கென்ன தெரியும்?"

"அப்ப நீங்கள் திறந்தது பிழையெண்டு சொல்லியிருக்கலாமே."

"முந்நூறு பிள்ளையளுக்கு முன்னால நிண்டு பாரும், விளங்கும்."

எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். எனக்கு ஏலாது, கத்தினால் அழுகை வந்துவிடும். சரியா வந்ததெல்லாம் அவர் போட்டது. ஒண்டு பிழைச்ச உடன மிஸ் போட்டது. மிஸ்! வீட்டில சமைக்கிறதும் மிஸ்தான், அதையும் மைக்கில சொல்லலாமே.

ஜூன் 26, வியாழன்

எனக்குள்ளாவது நேர்மையாக எழுத வேண்டும். தொடக்கத்தில் "என்ர பேரைச் சொல்ல வேண்டாம்" என்றவள் நான்தான். அரசாங்க ஆசிரியை, ரியூசனுக்கு உதவி செய்கிறேன் என்று கதை வரும் என்ற பயம். கூச்சமும் இருந்தது. அவர் சரி என்றார். ஒரு நொடிகூட யோசிக்காமல், அவ்வளவு கெதியாகச் சரி என்றார்.

ஆனால் அன்று சொன்னதை ஐந்து வருடத்துக்குமா சொன்னேன்? ஒருநாளாவது அவர் திரும்பக் கேட்டாரா? நான்தான் ஏன் திரும்பச் சொல்லவில்லை?

ஜூலை 2, புதன்

பாடசாலை முடிந்து கணினி அறையில் ஷாமிலாவோடு. என் மின்னஞ்சலில் எனக்கென்று ஒரு எக்கவுண்ட். "பழசெல்லாம் அவரின்ர எக்கவுண்டில கிடக்குதே" என்றேன்.

"லிங்க் இருந்தாக் காணும். திறந்து உங்கட எக்கவுண்டில சேமியுங்க. உங்களுக்கெண்டு ஒரு பிரதி வந்திரும். ஆருக்கும் ஒண்டும் குறையாது."

ஆருக்கும் ஒண்டும் குறையாது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டா.

இன்று பத்தொன்பதுக்குப் பிரதி எடுத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

அறுபத்து நான்கும் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் முதல் வரியில் குறிப்பு ஒன்று சேர்த்தேன்: 'கீறியது: லோஜினி'. முதல் தரம் தட்டும்போது, கள்ளவேலை செய்கிற மாதிரி, கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

"வாற ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு முழுநாள் கருத்தரங்கு. தொகையீட்டில பரப்பை நிறம் போட்டுக் காட்டுற மாதிரி ஒண்டு வேணும்."

"போடுறன். முதல் வரியில என்ர பேர் இருக்கும்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "குடும்பத்துக்குள்ள என்ன பேர்?"

"பிழைக்குப் பேர் சொன்னீங்கள்தானே."

"சரி, சரி. போடும்."

நம்பினேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? நம்பித்தான் கீறினேன்.

ஜூலை 18, வெள்ளி

முடிந்தது. இதுவரை கீறினதில் இதுதான் நல்லது. வளையிக்குக் கீழே நிறமிட்ட கீலங்கள், நெட்டுக்கு நிற்கிற பட்டைகள். ஸ்லைடரை இழுக்க இழுக்கக் கீலங்கள் மெலிந்து, நெருங்கி, கடைசியில் இடைவெளியே இல்லாமல் பரப்பை நிறைத்துவிடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு 'அட, இதுதானா' என்று வரும். நானே ஏழெட்டுத் தரம் இழுத்துப் பார்த்தேன். லிங்கை அனுப்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

கருத்தரங்கு நல்லாய்ப் போனதாம். ஐந்நூறு பேராம். மத்தியானம் கொத்துரொட்டி எடுத்துக் கொடுத்தார்களாம். பெயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

பாடசாலையால் வந்தேன். லப்டொப் மேசையில் மூடாமல் கிடந்தது. அவருடைய எக்கவுண்ட் திறந்தபடி. பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே என்னுடைய தொகையீட்டு வரைபு. அது அங்கே இருக்க நியாயமில்லை, அதை நான் என்னுடையதில் அல்லவா சேமித்தேன்.

திறந்தேன். கீலங்கள் இருக்கின்றன. நிறம் இருக்கிறது. ஸ்லைடர் இருக்கிறது. முதல் வரி இல்லை.

லிங்கைத் திறந்திருக்கிறார். அந்த வரியின் ஓரத்தில் உள்ள சின்னப் பெருக்கல் அடையாளத்தை அமத்தியிருக்கிறார். பிறகு தன்னுடையதாகச் சேமித்திருக்கிறார். மூன்று வேலை. ஆரிட்டயும் கேக்காம, தானாப் பழகியிருக்கிறார்! ஐஞ்சு வருசமா ஃபோல்டர் திறக்கத் தெரியாத மனுசன். லிங்கை அனுப்பும், லிங்கை அனுப்பும் எண்டு நிண்ட மனுசன். அழிக்க மட்டும் பழகீற்றார்.

லப்டொப்பை இருந்தபடியே விட்டுவிட்டு முகம் கழுவப் போனேன்.

ஜூலை 22, செவ்வாய்

கேட்கப் போவதில்லை. கேட்டால் பகிடி என்பார்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

அறுபத்தைந்து லிங்கும் ஒரே பட்டியலில். பாடம், என்ன காட்டலாம், எந்த ஸ்லைடரை இழுக்க வேண்டும், மூன்றும் ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். ஷாமிலா கணித ஆசிரியர்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு திறந்து தந்தா. திரியாய், சம்பூர், கிண்ணியா, மூதூர், நகரம். முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள்.

அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இது கோபத்தில் செய்கிறதா? ஓம், கோபத்தில்தான். கோபத்தில் செய்தாலும் பிள்ளைகளுக்கு உதவும்தானே.

அனுப்பினேன்.

ஓகஸ்ட் 9, சனி

மூதூரிலிருந்து ஸெய்னுதீன் சேர் என்று ஒருவர் போன் எடுத்தார். முன்பின் தெரியாதவர்.

"லோஜினி மிஸ்தானே? அந்தத் தொகையீடு அருமை மிஸ். புள்ளையள் கைதட்டினதுகள். நான் எண்களைக் கொஞ்சம் மாத்தி எடுக்கப் போறன். உங்கட பேர் அப்பிடியே இருக்கட்டும், சரிதானே?"

"ஓம் சேர். மாத்துங்கோ" என்றேன். குரல் ஒரு மாதிரிப் போய்விட்டது. தடிமன் பிடித்த குரல் என்று நினைத்திருப்பார்.

யாரென்றே தெரியாத மனிதர் கேட்டுவிட்டுச் செய்கிறார்.

ஓகஸ்ட் 16, சனி

வகுப்பால் வந்தவர் செருப்பைக் கழற்றாமலே குசினிக்குள் வந்தார்.

"எனக்கொரு சொல்லுச் சொல்லாம ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறீர்?"

"ரீச்சர்மாருக்கு அனுப்பினனான்."

"என்ர ஹோலில காட்டுறதைப் பள்ளிக்கூடத்தில சும்மா காட்டினா எனக்கிட்ட ஆர் வருவினம்? என்ர பிழைப்பில கை வைக்கிறீர் லோஜினி."

"அது நான் கீறினது."

"எங்கட எண்டு சொல்லும்!"

"முதல் வரியை அழிக்கேக்க எங்கட எண்டு நினைச்சீங்களோ?"

அவருக்கு முகம் வெளுத்தது. நான் கண்டது தெரியாது போல. பிறகு தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டு, கோப்பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார். கீர்த்தனி தன் அறைக்கதவை மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஓகஸ்ட் 27, புதன்

"சாப்பாடு?" "வைச்சிருக்கு." பதினொரு நாளாக இவ்வளவுதான் கதை.

செப்டெம்பர் 5, வெள்ளி

புது லப்டொப் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். தனக்கு. பழையதை என் பக்கம் தள்ளி வைத்தார். முன்னறையில் இருந்து தானே கீறப் பார்க்கிறார். வட்டம் கேட்டால் நேர்கோடு வருகிறது. வர்க்க அடையாளத்தை எப்படிப் போடுவது என்று தெரியாமல் இருக்கிறார். கண்டும் காணாத மாதிரித் துணி மடித்தேன்.

எனக்கு இப்படியொரு கல்மனம் இருக்குமென்று எனக்கே தெரியாது. சொல்லிக்கொடுக்கிறதுதானே என் தொழில்?

செப்டெம்பர் 13, சனி

காலையில் குசினி வாசலில் வந்து நின்றார்.

"சார்பு வேகத்துக்கு ஒண்டு போட்டிருக்கிறீராம். பிள்ளையள் கேக்குதுகள்."

"ஓம்."

"லிங்கை..." நிறுத்தினார். "அனுப்புவீரா?"

முதல் தரமாக அதைக் கேள்வியாகக் கேட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது:

"குழுவில சேருங்கோ. அங்க எல்லாருக்கும் ஒரே லிங்க்தான்."

வகுப்புக்குப் போய்விட்டார்.

பின்னேரம் நான் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருக்கும்போது போன் மினுங்கியது. குழுவில் சேர ஒருவர் கேட்கிறார்: இராகுலன். ஆள் முன்னறையில்தான் இருக்கிறார். இடையில் ஒரு சுவர்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு அனுமதித்தேன். ஸெய்னுதீன் சேர் உடனேயே 'வாங்க சேர், நல்வரவு' என்று போட்டார். சம்பூரிலிருந்து ஒருவர் கும்பிடுகிற கை போட்டார்.

பிட்டை அவிய வைத்துவிட்டு, சார்பு வேக வரைபின் லிங்கைத் திரும்பவும் குழுவுக்கு அனுப்பினேன். குழுவில் இப்போது நாற்பத்தெட்டுப் பேர். முன்னறையில் அவருடைய போன் ஒருதரம் சத்தம் போட்டது. கதிரை அசைந்தது.

பிறகு குழுவில் அவருடைய செய்தி, மற்ற எல்லோரும் போடுகிறதைப் போலவே:

'நன்றி மிஸ்.'