சுண்ணாம்பு அடித்த கடல்

அன்புள்ள அம்மாவுக்கு, முனீஸ்வரி எழுதுவது. பொம்மனஹள்ளியில் நான் சுகம். உன் இருமலும் அப்பாவின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன?

போனில் சொன்னால் "சரிடி, சரிடி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஒரு வேடிக்கை. செயற்கைக்கோள் எடுத்த கடல் படங்களில் தண்ணீர் சூடேறிய இடங்களைக் குறிப்பதுதானே என் வேலை? அன்று வந்த படத்தில் நம் தீவு. கடல் பூங்காவின் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் சூட்டைக் காட்டும் ஒரே சிவப்பு. பக்கத்து இருக்கை சௌம்யா, "ஏனாயித்து? என்னாச்சு, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்றாள். ஏசி காற்று என்று சிரித்துச் சமாளித்தேன்.

போன வாரம் நீ சொன்னாயே, "பவளப்பாறையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்குடி, அவ்வளவு அழகு" என்று. அது அழகில்லை அம்மா. சூடு தாங்காமல் பாறை சாகத் தொடங்கியிருக்கிறது. கரையோரக் கடல்பாசி அழுகிவிட்டதால் ஆழத்தில் முங்குகிறீர்கள் என்றும் சொன்னாய். பாசி வளரட்டும் என்று வருஷாவருஷம் பெண்கள் எல்லோரும் கூடிப் பேசிப் பறிப்பதை நிறுத்துவீர்களே, அப்படி இப்போதும் நிறுத்தக் கூடாதா?

முடியாதென்று தெரியும். முங்கும்போது பெரியம்மாவை விட்டு விலகாதே. கொட்டுகிற சொறிமீன் கூட்டம் தெரிந்தால் உடனே மேலே ஏறிவிடு. பாசி பறிக்க நீ விரலில் சுற்றும் பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே போன் கூடாது, பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோம். ஆனாலும் கரையேறியதும் ஒரு மிஸ்டு கால் கொடு. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

உன் முனீஸ்